ஒருத்திக்குத் தெரிந்தால் எல்லாருக்கும் தெரிந்ததா

அந்த விளையாட்டில் பலகை கிடையாது, காய் கிடையாது. ஜெயித்தவர் தோற்றவர் என்பதும் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நிலத்துக்கு அடியில் சுரங்கப் பாதைகள், கதவு சாத்திய அறைகள், அறைகளுக்குள் பூதங்கள், ஓநாய்கள், புதையல். என் கொழுந்தனார் இங்கிலாந்தில் மூன்று வருடம் படித்துவிட்டு வந்தபோது கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே இதன் சட்டப் புத்தகத்தையும், பல முகங்கள் கொண்ட பகடைகளையும் வைத்துக் கொண்டுவந்தார். அவர் அம்மா, என் மாமி, ஒரு பகடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் படிக்கவா அவ்வளவு தூரம் போனே?" என்று கேட்டார்.

நான் ஐம்பத்தேழில், மலாய் நாடு சுதந்திரம் அடைந்த வருடம் பிறந்தவள். ஆங்கிலப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அதாவது பதினோரு வருடப் படிப்பு முடித்து, கல்யாணத்துக்கு முன் ஒன்றரை வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். புத்தகம் முழுக்க ஆங்கிலம், அதுவும் பொடி எழுத்து. கொழுந்தனாருக்குக் கதை நடத்தவே சரியாக இருந்தது. "அண்ணி, நீங்க டீச்சரா இருந்தவங்க. சட்டத்தை நீங்க பாருங்க" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் விளையாடவில்லை. ஏழு மாதக் குழந்தையை வைத்துக்கொண்டு எங்கே விளையாடுவது? கூடத்தின் மூலையில், ஸ்பிரிங்கில் தொங்கும் சாரோங் துணித் தொட்டிலை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பேன். சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பார்கள். நான் பக்கத்தைத் தேடிப் படித்து, தமிழில் சொல்லி, பிறகு மலாயிலும் சொல்வேன்.

மலாயில் சொல்வது என் கணவரின் நண்பருக்காக. அவர் கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். கஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு ஐந்து நிமிட நடை. நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய். அக்கா, அண்ணன் போன்ற சில சொற்கள் மட்டும் எங்களுக்கும் அவர்களுக்கும் பொது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வந்துவிடுவார். என் கணவர் வாள்வீரர். நண்பர் மந்திரவாதி. என் நாத்தனார், அதாவது என் கணவரின் தங்கை, வேவுகாரி. மற்றவர்களுக்கு முன்னால் போய், கதவில் காதை வைத்துக் கேட்டு, பொறி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது அவள் வேலை.

புத்தகத்தில் எல்லாவற்றையும்விட என்னைப் படுத்தியது அரைப் பக்கத்தில் இருந்த ஒரு சட்டம். சர்ப்ரைஸ் என்று தலைப்பு. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதிலேயே எனக்கு ஒரு வாரம் போனது. ஆச்சரியம் என்றால் அதில் சந்தோஷம் கலந்துவிடுகிறது. கடைசியில் அசந்திருப்பது என்று வைத்துக்கொண்டோம். இரண்டு கூட்டம் எதிர்ப்படும்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பகடை உருட்ட வேண்டும். ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தக் கூட்டம் அசந்துவிட்டது. எதிரி ஒரு சுற்று அடித்து முடிக்கும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான். ஆனால் எதிரி இருப்பது முன்பே தெரிந்த கூட்டத்துக்குப் பகடை தேவையில்லை. அது உஷாராக இருக்கிறது. இவ்வளவுதான் சட்டம். கூட்டத்துக்குத் தெரிந்தால் என்று போட்டிருந்ததே தவிர, கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் என்ன கணக்கு என்று எழுதியிருக்கவில்லை.

அந்தச் சண்டை சீக்கிரமே வந்தது. ஒரு வளைவில் தூரத்து வெளிச்சத்தை மந்திரவாதி மட்டும் பார்த்தார். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அங்கே புதையல் இருந்தால் தான் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். வெளிச்சத்தில் இருந்தவர்கள் பாய்ந்து வந்தார்கள்.

"நீ பார்த்தியா இல்லியா?" என்று என் கணவர் கேட்டார்.

"பார்த்தேன் லா" என்றார் நண்பர். சண்டை முழுக்க மலாயில்தான்.

"ஏன் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

"எதுக்க வர்றவன் எல்லாம் கத்தியோட வர்றான். நான் உன்கிட்ட வந்து, ஐயா சாமி, ஏதாச்சும் தெரியுதான்னு கேட்டுட்டு நிக்கணுமா?"

"கேட்டிருந்தா ஐயா சாமி பதில் சொல்லியிருப்பேன்."

கொழுந்தனார் சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சட்டம் என்ன சொல்லுது அண்ணி?"

எனக்கு உடனே சொல்லத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். துணி துவைக்கும்போதும், குழந்தைக்குக் கஞ்சி ஆற்றும்போதும் அதே யோசனை. அடுத்த ஞாயிறு என் முடிவைச் சொன்னேன். பார்த்தவர் வாய்விட்டுச் சொன்னால் கூட்டத்துக்கே தெரிந்த மாதிரி. சொல்லாமல் இருந்தால் அவருக்கு மட்டும் தெரிந்த மாதிரி, மற்றவர்கள் பகடை உருட்ட வேண்டும்.

"நம்ம அக்கா கோர்ட்டுக்குப் போக வேண்டியவங்க" என்றார் நண்பர். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நான் அதைப் பென்சிலால் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்தேன். ஒரு பெரிய விஷயத்தைச் சரியாகச் செய்துவிட்டதாக அன்று முழுக்க எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அண்ணன்மார் முன்னால் அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. புதுச் செருப்பு வேண்டும் என்றாலும், தோழி வீட்டுக்கு உஜோங் பாசிர் வரை போய்வர வேண்டும் என்றாலும் என் பக்கத்தில் வந்து காதோடு சொல்வாள். நான் என் கணவரிடம் சொல்வேன். அவர் பதிலை என்னிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதும் இப்படித்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கும் கேட்கிற மாதிரிதான் முணுமுணுப்பாள். ஆனாலும் நான் வாய் திறந்து சொல்லும்வரை அவர் காதில் விழாத மாதிரியே இருப்பார். அது அவளிடம் அவருக்குக் கோபம் என்பதால் இல்லை. அந்த வீட்டு வழக்கம் அது. நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன் அவள் யாரிடம் சொன்னாளோ தெரியாது. யாரிடமும் சொல்லாமலே இருந்திருப்பாள்.

ஆஸ்பத்திரித் தாதியாக வேண்டும் என்பது அவள் ஆசை. பயிற்சிக்கு மனுச் செய்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. மூன்று அதிகாரிகளுக்கு எதிரே உட்கார்ந்து மலாயில் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் புக்கிட் ரம்பாயிலிருந்து வந்திருக்கும் வரனுக்குச் சம்மதம் சொல்லிவிடுவது என்று மாமி முடிவாக இருந்தார். பள்ளியில் அவள் மதிப்பெண்கள் நன்றாகவே இருந்தன. பேச்சுதான் இல்லை. அந்த அறைக்குள் போய் அவளுக்காக நான் பேச முடியாது.

கொழுந்தனார் அவளை விளையாட்டில் சேர்த்ததே அதற்காகத்தான். அவர் ஒரு ஏற்பாடு செய்தார். அவள் கதவில் காதை வைத்தால், உள்ளே கேட்கும் சத்தம் என்ன என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து அவளிடம் கொடுப்பார். அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளாக வாய் திறந்து மேசைக்குச் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். மந்திரவாதிக்காக நான் எழுதிய விதி அவளுக்குத்தான் அதிகம் பயன்பட்டது.

முதலில் சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் வந்து காதோடு சொல்வாள். நான் மேசையைப் பார்த்து, "உள்ளே தண்ணி சொட்டுதாம்" என்பேன். யாரும் அதைத் தவறாக நினைக்கவில்லை. சில வாரங்களில், "நீயே சொல்லேன்" என்று அவள் முழங்கையைத் தொட்டேன். சொன்னாள். பிறகு பெரும்பாலும் அவளே சொன்னாள். நண்பர் வேண்டுமென்றே மலாயில் குறுக்குக் கேள்வி கேட்பார்; பதில் சொல்வாள். ஒரு நாள் என் கணவரைப் பார்த்து, "அண்ணா, அந்தப் பக்கம் போகாதீங்க, நான் பார்க்கிறேன்" என்று சொன்னாள். அவர் திகைத்து என்னைப் பார்த்தார். நான் ஏதோ படிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவசரமான நேரங்களில் மட்டும் பழைய பழக்கத்தில் என் பக்கம் சாய்வாள்.

நேர்முகத் தேர்வுக்குப் பத்து நாள் இருந்த ஞாயிறு. அந்த வாரம் எனக்கு நல்ல வாரம் இல்லை. செவ்வாய்க்கிழமை நான் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது குழந்தை கட்டிலிலிருந்து புரண்டு கீழே விழுந்துவிட்டது. நெற்றியில் லேசான வீக்கம்தான். மாமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "புத்தகம் படிச்சா பிள்ளை வளருமா?" என்றார். ஞாயிறு காலையில் என் கணவர், "இன்னிக்கு ஒண்ணு பிள்ளையைப் பாரு, இல்ல புத்தகத்தைப் பாரு" என்றார். இரண்டையும் பார்க்க முடியும் என்று காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

சுரங்கத்தில் ஒரு மரக்கதவு. நாத்தனார் காதை வைப்பதாகச் சொன்னாள். கொழுந்தனார் மறைவாகப் பகடை உருட்டி, சீட்டு எழுதிக் கொடுத்தார். அவள் பிரித்துப் படித்தாள். அந்த நேரத்தில் மேசையில் வேறு வாக்குவாதம். கதவை உதைப்பதா, மெதுவாகத் திறப்பதா என்று என் கணவரும் நண்பரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை வேறு தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் பக்கம் சாய்ந்து, "அண்ணி, உள்ளே கல்லுல நகம் உரசுது. நிறைய இருக்கு" என்றாள்.

எனக்குத் தெளிவாகக் கேட்டது. தலையாட்டினேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். குழந்தை அப்போதுதான் கண் சொருகிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினால் எழுந்துவிடும் என்று ஒரு கணம். சத்தம் மட்டும் கேட்டால் எதிரி இருப்பது தெரிந்ததாகக் கணக்கா, இல்லை கண்ணால் பார்த்தால்தானா என்று ஒரு கணம். அதைப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று பக்கத்தைத் தேடினேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்ற பயத்திலேயே எப்போதும் நான் தாமதிக்கிறவள்.

"புக்கா லா" என்றார் நண்பர், திறந்துவிடு என்று. என் கணவர் கதவைத் திறப்பதாகச் சொன்னார். கொழுந்தனார் ஒரு விநாடி தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். அவர் பகடையை உருட்டினார். இரண்டு விழுந்தது, கூட்டம் அசந்துவிட்டது.

ஓநாய்கள் ஒரு சுற்று பாய்ந்து கடித்தன. வாள்வீரருக்கு இரும்புக் கவசம். மந்திரவாதி பின்னால் நின்றார். கதவோடு ஒட்டி நின்ற வேவுகாரி, தான் மட்டும் உஷாராக இருந்தும் உதவிக்கு யாரும் அசையாததால், செத்துப்போனாள்.

"இரு, இரு" என்றார் என் கணவர். "இவ காதை வச்சுக் கேட்டாளே. அப்போ நமக்குத் தெரிஞ்சிருக்கணுமே?"

"சீட்டுல எழுதிக் கொடுத்தேன்" என்றார் கொழுந்தனார். "மேசைக்குச் சொன்னாளா?"

"சியாப்பா டெங்கார்?" என்று நண்பர் கேட்டார். யாருக்குக் கேட்டது என்று. "எனக்கு மழைதான் கேட்டுச்சு."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கொழுந்தனார் வழக்கம்போலக் கேட்டார்: "சட்டம் என்ன அண்ணி?"

எனக்குக் கேட்டது என்று சொன்னால் போதும். அவள் சொன்னாள், நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் போதும். என் கணவர் ஒன்றும் கடித்துத் தின்றிருக்க மாட்டார். ஆனால் காலையில் அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. தொட்டிலையும் பார்த்துப் புத்தகத்தையும் பார்த்ததில் நடுவில் ஒன்று நழுவிவிட்டது என்று அவர் முன்னால், அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமி முன்னால், என்னால் சொல்ல முடியவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "மேசையில இருக்கிற எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லியிருக்கணும். விளையாடாதவங்ககிட்ட சொன்னா கணக்கு இல்ல."

அப்படி ஒரு வரி புத்தகத்தில் இல்லை. நான் எழுதிய விதியிலும் இல்லை. அத்தனை வாரங்களாக அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். கொழுந்தனாருக்கு அது தெரியும். அவர் நெற்றி சுருங்கியது. ஆனால் சட்டம் பார்க்கும் வேலையை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். "சரி, அண்ணி சொன்னா சரி" என்றார்.

அவள், "நான் அண்ணிகிட்ட சொன்னேன்" என்று சொல்லவில்லை. தன் பாத்திரத்தின் விவரம் எழுதியிருந்த தாளை எடுத்து, மடித்து, கொழுந்தனார் பக்கம் நகர்த்தினாள். எழுந்து போய் எல்லாருக்கும் தேநீர் கலந்து கொண்டுவந்தாள். அடுத்த ஞாயிறு புதுப் பாத்திரம் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, துணி மடிக்க வேண்டியிருக்கிறது என்றாள்.

நேர்முகத் தேர்வுக்கு மாமியோடு போய்வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "கேட்டாங்க, சொன்னேன் அண்ணி" என்றாள். மாமி பிறகு என்னிடம் சொன்னார்: கதவு பாதி திறந்திருந்ததாம், அதிகாரி ஒருவர் இரண்டு முறை, கொஞ்சம் சத்தமாகப் பேசு என்று சொன்னது வெளியே கேட்டதாம். ஒரு மாதம் கழித்துத் தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தது.

என்னால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது பேர் போயிருப்பார்கள், பத்துப் பேரை எடுத்திருப்பார்கள். அந்த ஞாயிறு இல்லாவிட்டாலும் அவள் அங்கே வாயடைத்துப் போயிருக்கலாம். இப்படி எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய அந்தப் பத்து நாளில் அவள் வீட்டில் யாரிடமும் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கவனித்தேன், ஒன்றும் செய்யவில்லை.

கடிதம் வந்த மறுநாள் பின்கட்டுக் குழாயடியில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும் அண்ணி. தலையாட்டினீங்களே."

"அப்புறம் ஏன் நீ எடுத்துச் சொல்லல?"

அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "சொல்லியிருந்தா அண்ணா உங்களை ஏசியிருப்பாரு. காலையில பேசினது எனக்கும் கேட்டுச்சு."

அவள் கவிழ்த்த சட்டியை எடுத்துத் துடைத்தேன். கொழுந்தனாரிடம் உண்மையைச் சொல்கிறேன், வேவுகாரியைத் திரும்ப எழுப்பச் சொல்கிறேன் என்றேன். அவள் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வேணாம் அண்ணி. செத்தவ செத்தவதான்."

இருந்தாலும் சொன்னேன். கொழுந்தனார் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டார். "எனக்குச் சந்தேகம் இருந்துச்சு அண்ணி. நான்தான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்" என்றார். என் பாரத்தில் பாதியைத் தான் எடுத்துக்கொள்ளப் பார்த்தார். என் கணவரிடம் சொன்னபோது, "விளையாட்டுக்கா இவ்வளவு அழுவே?" என்று சிரித்தார். கொழுந்தனார் போனபின் கதை நடத்த ஆள் இல்லை. ஞாயிறுகளில் நண்பர் வந்தால் அவர்கள் இருவரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

புக்கிட் ரம்பாய் வரன் விஷயம் நின்றுபோனதை நான் எல்லாருக்கும் கடைசியாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் பசாரிலிருந்து வந்தபோது மாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். என்ன என்றால், அவள் நேராக மாமி முன்னால் வந்து நின்று, "எனக்கு இது வேண்டாம்மா, இன்னொரு தடவை மனுப் போடணும்" என்று சொல்லிவிட்டாளாம். அண்ணன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாளாம். முந்தைய வருடமாக இருந்தால் அதை என்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பாள். நான் எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று நாலு நாள் யோசித்திருப்பேன்.

இரண்டாவது நேர்முகத் தேர்வுக்கு அவள் தனியாகவே பஸ் ஏறிப் போனாள். என்றைக்கு என்பதுகூட எனக்குத் தெரியாது. குழந்தைக்கு அன்று காய்ச்சல், நான் வேறு எதையும் கவனிக்கவில்லை. தேர்வாகிவிட்டாள் என்று மாமி சொன்னபோது, அவளைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். "ஆமா அண்ணி" என்று சிரித்தாள். நல்ல சிரிப்புதான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் விரும்பியபடியே எல்லாம் நடந்திருக்கிறது. அவள் மரியாதையில் ஒரு துளி குறையவில்லை. எனக்குத் தெரிய வேண்டியவை மட்டும் எனக்குக் கடைசியாகத் தெரிகின்றன.

இப்போது சிரம்பானில் தாதியர் விடுதியில் இருக்கிறாள். மாதம் ஒரு கடிதம் வருகிறது, மாமியின் பெயருக்கு. மாமிக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் பகலில் இருப்பது நான்தான், அதனால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். அது அவளுக்கும் தெரியும். வார்டில் என்ன கற்றுக்கொடுத்தார்கள், சாப்பாடு எப்படி, கூட இருக்கும் பெண்கள் யார் என்றெல்லாம் எழுதுவாள். போன வாரம் வந்த கடிதத்தின் முடிவில், "அண்ணியிடம் சொல்லவும், பாப்பாவுக்கு இந்த மாதம் ஊசி போட வேண்டும், தள்ளிப்போட வேண்டாம்" என்று இருந்தது.

அதையும் சத்தமாகப் படித்தேன். மாமி வெற்றிலைத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "பிள்ளைக்கு ஊசி போடணுமாம்" என்று என்னிடம் சொன்னார்.

"சரிங்க மாமி" என்றேன்.